பென்டோர்ச் பற்றரியும் கையடக்கத் தொலைபேசியும்: படுவான்கரைப் பிள்ளைகளின் பாடம்

2002ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி இலங்கை அரசாங்கத்துக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் இடையில் நடைமுறைக்கு வந்த போர்நிறுத்த உடன்படிக்கையைப் பலரும் ஓர் அரசியல் ஆவணமாகவே வாசித்திருப்பர். அதன் பின்னிணைப்புகளை நிதானமாகப் புரட்டியவர்கள் குறைவு. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குக் கொண்டுசெல்லக் கூடாத பொருள்களின் பட்டியல் முதலாவது இணைப்பில் உள்ளது. வெடிபொருள், தொலையியக்கக் கருவி, முட்கம்பி, தொலைநோக்கி, திசைகாட்டி என்று செல்லும் அந்தப் பட்டியலில் பென்டோர்ச் பற்றரியும் இடம்பெற்றிருந்தது. அடுத்த இணைப்பில், பொருள்களும் மக்களும் கடக்க வேண்டிய சோதனைச் சாவடிகளின் பெயர்கள். மண்டூர், பட்டிருப்பு, மண்முனைத் துறை, சந்திவெளி, சித்தாண்டி என்பவற்றோடு வவுணதீவும் அங்கே உண்டு.

சமாதானத்துக்கென எழுதப்பட்ட தாளிலேயே ஒரு சின்னஞ்சிறு பற்றரி வெடிபொருளோடு ஒரே பட்டியலில் நின்றது. அந்தச் சாவடி வழியே வயலுக்கும் நகருக்கும் போய்வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று தொழினுட்பத்தைப் பாதுகாப்பாகவும் பொறுப்பாகவும் நேர்மையாகவும் பயன்படுத்துவது எப்படி என்று கற்பிக்க வேண்டும் என்கிறோம். அந்தப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் என் கேள்வி.

மட்டக்களப்பைப் பார்த்திராத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் இருப்பது எழுவான்கரை. மேற்கே, சூரியன் படும் பக்கம் இருப்பது படுவான்கரை. நகரமும் பெயர்பெற்ற கல்லூரிகளும் போதனா வைத்தியசாலையும் எழுவான்கரையில். பரந்த வயல்வெளிகளும் மாட்டுப் பட்டிகளும் படுவான்கரையில். வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. மண்முனை மேற்குப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் நுழையும் வாசல் அது. 1997 மார்ச் 6ஆம் திகதி அங்கிருந்த இராணுவ முகாம் தாக்கப்பட்டது. 2007இல் அரச படைகள் கிழக்கை முழுமையாகக் கைப்பற்றிய மாதங்களில், படுவான்கரை மக்கள் உடுத்த துணியோடு வாவியைக் கடந்து வந்து எழுவான்கரைக் கூடாரங்களில் தங்கினர்.

பற்றரிக்குத் திரும்புவோம். மின்சாரம் எட்டிப்பாராத கிராமங்களில் பற்றரி என்றால் வானொலி. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட கதையை எல்லோரும் அறிவர்; கிழக்கின் உட்கிராமங்களிலும் வானொலிக்குப் பசி அதேதான். இலங்கை வானொலி ஒன்று சொல்லும். புலிகளின் குரல் வேறொன்று சொல்லும். இரவு பி.பி.சி. தமிழோசை வரும், மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வரும். ஒரு மோதலில் இறந்தவர் தொகையை ஒவ்வொரு நிலையமும் ஒவ்வொரு விதமாகச் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த விவசாயி எல்லாவற்றையும் மனத்தில் நிறுத்தி, 'இவன் குறைப்பான், அவன் கூட்டுவான்' என்று தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்வார். பேசுவது யார், அவருக்கு இதில் என்ன இலாபம், வேறு எவரும் இதையே சொல்கிறார்களா என்ற மூன்றையும் பார்க்காமல் அவர் எந்தச் செய்தியையும் விழுங்கியதில்லை. இன்று கருத்தரங்குகளில் 'ஊடக அறிவு' என்று பெரிய பெயர் சூட்டப்படும் பயிற்சி இதுவேதான். எழுதப் படிக்கத் தெரியாத பலரும் அதில் தேர்ந்திருந்தனர் என்பது பத்திரிகைத் தொழிலில் காலங்கழித்த என் துணிபு.

இதே காலத்தில் கொழும்பிலே வேறொரு வரலாறு ஓடிக்கொண்டிருந்தது. 1983இல் தேசிய கணினிக் கொள்கை. 2003இல் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவரகம். அதன்பின் கிராமங்களுக்கு 'நெனசல' நிலையங்கள். 2006இல் கணினி அவசர நிலைமைகளைக் கவனிக்கும் 'செர்ட்' அமைப்பு. 2007இல் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம். அந்தக் கடைசி ஆண்டைக் கவனியுங்கள். பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்று நாடாளுமன்றம் சட்டமியற்றிய ஆண்டும், வவுணதீவுப் பிள்ளைகள் கூடாரத்தில் மண் தரையிலிருந்து படித்த ஆண்டும் ஒன்றே.

அதன்பின் நடந்தவை மிக விரைவாக நடந்தன. வீதி வந்தது, மின்சாரம் வந்தது. 2014இல் மண்முனைத் துறையில் பாதைப் படகு போய்ப் பாலம் வந்தது. கையடக்கத் தொலைபேசி பல வீடுகளுக்குள் நுழைந்தது வேறொரு வாசலால். வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குப் போன தாயின் முகத்தைப் பிள்ளைக்குக் காட்டவே பலர் அதை வாங்கினர். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது அந்தத் தொலைபேசியே வகுப்பறையாயிற்று. வட்சப்பில் பயிற்சித்தாள், சூமில் பாடம். 2021 ஜூலையில் ஆசிரியர் சங்கங்கள் சம்பளப் போராட்டத்தில் இறங்கி இணையவழிக் கற்பித்தலை நிறுத்தியபோது பாடம் நின்றது. தொலைபேசி பிள்ளையின் கையிலேயே இருந்தது. அதை எதற்குப் பயன்படுத்துவது, எதற்குப் பயன்படுத்தலாகாது என்று உட்கார்த்திச் சொல்லிக்கொடுக்க எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

அவகாசம் இல்லாமையின் விலை என்னவென்று கிழக்கிலங்கை அதற்கு முன்பே கண்டிருந்தது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், உணவில் கிடந்த கட்டி ஒன்றைக் காட்டி 'இது மலட்டுத்தன்மை உண்டாக்கும் மருந்து' என்று சிலர் சண்டைக்கு நின்றனர். கடைக்காரருக்குச் சிங்களம் சரியாக வராது. சூழ்ந்து நின்று கேட்டவர்களுக்கு அவர் தடுமாறிச் சொன்ன விடை ஒப்புதல்போல் ஒலித்தது. அது காணொளியாகி முகநூலில் ஓடிற்று. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்தக் கட்டி வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கை தந்தபோது திகனவிலும் கண்டியிலும் வீடுகள் எரிந்து முடிந்திருந்தன. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் முகநூலையும் வட்சப்பையும் வைபரையும் முடக்கியது. தன் தளம் அன்று தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020இல்தான் மன்னிப்புக் கோரியது.

காணொளியில் இருந்த சொற்கள் பொய்யாக ஒட்டப்பட்டவையல்ல; அந்த மனிதர் வாயிலிருந்து வந்தவையே. பொய்யானது அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட பொருள். இரண்டு மொழிகளுக்கிடையே ஒரு மனிதன் அகப்பட்டுக்கொண்டான் என்பதைப் பார்த்தவர்களில் பலர் உணரவில்லை. 'போலிச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி' என்று அச்சிட்டுக் கொடுக்கப்படும் துண்டுப் பிரசுரங்கள் இந்த இடத்தில் உதவா.

அதே ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி காலை வவுணதீவின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. வலையிறவுப் பாலத்தருகே சோதனைச் சாவடியில் இரவுக் கடமையில் இருந்த பொலிஸார் இருவர், ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர், கொல்லப்பட்டுக் கிடந்தனர். மாவீரர் நாள் கழிந்து சில நாள்களே ஆகியிருந்தன. ஆகவே கதை தயாராகவே இருந்தது. முன்னாள் போராளிகள்மீது சந்தேகம் பாய்ந்தது. ஒருவர் கைதாகித் தடுத்துவைக்கப்பட்டார். புலிகள் மீண்டும் தலையெடுக்கிறார்கள் என்று தெற்கின் மேடைகளிலும் முகநூல் பக்கங்களிலும் பேச்சு ஓங்கியது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்த பின்னரே, வவுணதீவுக் கொலைகளும் சஹ்ரான் ஹாசிம் குழுவினரின் வேலை என்பது விசாரணையில் வெளிவந்தது. தடுத்துவைக்கப்பட்டிருந்தவர் மே மாதத்தில் விடுவிக்கப்பட்டார். ஐந்து மாதங்களுக்கு மேல் போயிற்று அவருக்கு. முதல் விசாரணை தானாகத் திசைமாறவில்லை, மாற்றப்பட்டது என்ற குற்றச்சாட்டு பின்னர் நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது.

இதில் மாணவனுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அம்பாறையில் கதை கூட்டத்திலிருந்து கிளம்பியது. வவுணதீவில் அதற்கு அதிகாரத்தின் முத்திரை இருந்தது. 'உத்தியோகபூர்வமான இடத்திலிருந்து வந்த செய்தியை மட்டும் நம்புக' என்ற பாடநூல் அறிவுரை முதலாவதற்குப் பொருந்தும், இரண்டாவதற்குப் பொருந்தாது. வானொலி கேட்ட அந்த விவசாயிக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது.

உயிர்த்த ஞாயிறன்றும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. மே 12ஆம் திகதி சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி ஆங்கிலத்தில் எழுதிய முகநூல் வரி மிரட்டலாக வாசிக்கப்பட்டு, வடமேல் மாகாணத்திலும் கம்பஹா மாவட்டத்திலும் கலவரமாக வெடித்தபோது மீண்டும் முடக்கியது. மறுபடியும் மொழி, மறுபடியும் முடக்கம். அவுஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டோருக்குச் சமூக ஊடகக் கணக்குகளைத் தடைசெய்யும் சட்டத்தை 2025 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெற்றோருக்கு அது சிறிது மூச்சுவிட இடந்தரக்கூடும். ஆனால் பதினாறு வயது நிறைந்த மறுநாள் அந்தப் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதைச் சட்டம் சொல்லாது.

இனிப் பாடசாலைக்கு வருவோம். க.பொ.த. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு விருப்பப் பாடம். அதில் சமூகம், சட்டம், ஒழுக்கநெறி பற்றிப் பேசும் பகுதி நிரலாக்கத்துக்கும் இணையப் பக்க வடிவமைப்புக்கும் பின்னால் வருகிறது. கடவுச்சொல்லை வலுவாக வை, பதிப்புரிமையை மதி, பிறர் தரவைத் திருடாதே என்பவை எல்லாம் தேவையானவையே. குறை சொல்ல மாட்டேன். கலைச்சொற்களும் நன்றாகவே உள்ளன. 1930களில் சென்னையில் தமிழ்க் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் என்பதால் கிழக்குக்கு அதில் ஓர் உரிமையும் உண்டு. ஆனால் பரீட்சை நெருங்கும்போது வேகமாக வாசித்து முடிக்கப்படும் பகுதி எது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். அந்தப் பாடத்தைத் தெரிவு செய்யாத பிள்ளைக்கு அதுவுமில்லை. அந்தப் பிள்ளையின் கையிலும் தொலைபேசி இருக்கிறது. அந்தரங்கப் படத்தை வைத்து எவனாவது மிரட்டினால் 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை அழைக்கலாம் என்று அந்தப் பிள்ளைக்கு யாராவது சொன்னார்களா? பதினைந்து வயதுப் பெண்பிள்ளைக்கு இந்த நான்கு இலக்கங்கள் நிரலாக்கத்தைவிட அவசரமானவை.

ஆசிரியர்களின் மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பேசாமல் போவது நேர்மையாகாது. போர் முடிந்து பத்தாண்டுகளுக்குப் பின்னரும், முகநூலில் இட்ட ஒரு படத்துக்காக, ஒரு நினைவேந்தல் வரிக்காக, மட்டக்களப்பு இளைஞர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்துவைக்கப்பட்டுள்ளனர். 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க் கூற்றுகள்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தபோது பத்திரிகையாளரும் மனித உரிமை அமைப்புகளும் எதிர்த்தமைக்கு இத்தகைய அனுபவங்களும் காரணம். கொழும்பு மாணவனுக்கு 'இணையத்தில் பாதுகாப்பு' என்றால் திருடர்களிடமிருந்து பாதுகாப்பு. படுவான்கரை மாணவனுக்கு இறந்த மாமாவின் படத்தைப் பகிர்வதே ஆபத்தாகலாம். அதை வகுப்பில் விளக்க முனையும் ஆசிரியர் தாமே விசாரணைக்கு ஆளாகக்கூடும். ஆகவே அவர் கடவுச்சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார். அவரைக் கோழை என்று நான் சொல்லேன்.

இருந்தும் செய்யக்கூடியது உண்டு. அதற்குக் கணினி அறையும் வேண்டாம். மட்டக்களப்பு மேற்கு வலயத்தின் எந்தப் பாடசாலையிலும் ஒன்பதாம் தரத் தமிழ்ப் பாடவேளை ஒன்று போதும். தாத்தாவோ அம்மம்மாவோ இருக்கும் பிள்ளைகள், போர்க்காலத்தில் எந்த வானொலியைக் கேட்டீர்கள், யாரை நம்பவில்லை, ஏன் என்று கேட்டு எழுதி வரட்டும். மறுநாள், வவுணதீவுக் கொலைகள் பற்றிய 2018 டிசம்பர்ப் பத்திரிகைச் செய்தி ஒன்றையும் 2019 மே மாதச் செய்தி ஒன்றையும் ஆசிரியர் கரும்பலகையில் அருகருகே ஒட்டட்டும். இரண்டும் அச்சில் வந்தவை. இரண்டிலும் அதிகாரிகள் சொன்னதாகவே இருக்கும். முதலாவது செய்தியில் எந்த வாக்கியத்துக்குச் சான்று இருந்தது, எதற்கு இருக்கவில்லை என்று பிள்ளைகள் பென்சிலால் கோடு போடட்டும். நாற்பது நிமிடம் போதாது. அடுத்த பாடவேளையையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.