யாருடைய தெற்கு யன்னல்?

பூக்கன்றுக் கடைகளில் முட்டைக் கோப்பை அளவான சட்டிகளில் அடுக்கி வைச்சிருக்கிற சக்குலன்ட்களை நாங்கள் எல்லாரும் பார்த்திருப்போம். வாங்கி அறைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கேள்வி வரும்: இதை எங்க வைக்கிறது? இணையத்தில் தேடினால் பெரும்பாலும் ஒரே பதில்தான், தெற்குப் பக்க யன்னலோரம். ஏன் தெற்கு? யாருடைய தெற்கு? இந்தச் சின்னக் கேள்விக்குள்ள முந்நூறு வருசத்துக்கு மேலான வரலாறு இருக்குது.

ஆபிரிக்காவின் தென்முனையில் 1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனி ஒரு தங்குநிலையம் அமைத்தது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்ததும் இதே கம்பனிதான். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு வந்த கப்பல்கள் அந்தக் கேப் முனையில் நின்று தண்ணீரும் மரக்கறியும் ஏற்றின. அப்படி நின்ற நேரத்தில் செடிகளைச் சேகரித்தவர்களில் ஒருவர் போல் ஹெர்மன் என்ற வைத்தியர். அவர் 1672இல் இலங்கைக்குக் கம்பனியின் வைத்தியராக வந்து, இங்கத்தைச் செடிகளையும் உலர்த்தித் தாள்களில் ஒட்டிச் சேர்த்தார். 1747இல் லின்னேயஸ் எழுதிய இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலுக்கு அடிப்படையே அந்தத் தொகுப்புத்தான்.

ஆனால் கேப்பின் சக்குலன்ட்களை அப்படித் தாளில் ஒட்டேலாது. கற்றாழை மடலைப் புத்தகத்துக்குள்ள வைச்சு அமத்திப் பார்த்தால் விளங்கும், மிஞ்சுவது அழுகின ஒரு கறைதான். 1716இல் சக்குலன்ட்களைப் பற்றி ஒரு படநூலை வெளியிடத் தொடங்கிய ஆங்கிலேயர் ரிச்சர்ட் பிராட்லி, உலர்த்தி வைக்க முடியாத செடிகள் இவை என்பதை நூலின் தலைப்பிலேயே போட்டிருக்கிறார். இவற்றைப் படிக்க வேணுமென்றால் படமாக வரையவேணும், இல்லாட்டி உயிரோட வைச்சிருக்கவேணும். உயிரோட என்றால் அம்ஸ்டர்டாமின் மாரிகாலத்தையும் தாண்டி. சக்குலன்ட்டுக்கு எவ்வளவு வெயில் காணும் என்ற கேள்வி அங்க அழகுக்காக வரவில்லை, ஆய்வுத் தேவையாகவே வந்தது.

அங்க மாட்டுப்பட்டது செடிதான். கேப் இருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே 34 பாகையில். அங்க மத்தியானச் சூரியன் எப்பவும் வடக்குப் பக்கமாகத்தான் நிற்கும். அந்தப் பகுதியின் பல செடிகள் குளிர்கால மழைக்கு வளர்ந்து, கோடையில் தூங்குபவை. அவற்றைத் தூக்கிக்கொண்டுபோய் வடக்கே 52 பாகையில் வைத்தால் திசையும் மாறுது, பருவமும் மாறுது. டிசம்பரில் அம்ஸ்டர்டாமில் பகல் 8 மணித்தியாலம்கூட இல்லை. மத்தியானத்திலும் சூரியன் அடிவானத்திலிருந்து 14 பாகை உயரத்தில்தான் தெற்கே தொங்கிக்கொண்டு நிற்கும். ஆனால் அந்தத் தாழ்ந்த வெயில் தெற்கு யன்னலுக்குள்ளால அறையின் அடிவரைக்கும் நுழையும். அதனாலதான் அங்க செடிகளை வைக்கக் கட்டிய மாளிகைகளுக்குத் தெற்குச் சுவர் முழுக்க உயரமான யன்னல்கள். கூரை மட்டும் நீண்டகாலம் ஓடாகவே இருந்தது. உள்ளே அடுப்பு மூட்டிச் சூட்டைக் கொடுத்தார்கள், மேலிருந்து வெளிச்சம் வராது.

பிரித்தானியாவில் கதை இன்னும் மோசம். 1696இலிருந்து 1851வரை வீட்டு யன்னல்களின் எண்ணிக்கைக்கு வரி. கண்ணாடிக்கு வேற வரி, அது 1845இல்தான் எடுபட்டது. வரிக்குப் பயந்து யன்னலைச் செங்கல் வைத்து அடைத்த வீடுகள் அங்க இப்பவும் நிற்குது. வரிகள் போனபிறகு நடுத்தரக் குடும்பங்களின் யன்னலோரத்துக்குச் செடி வருவது சுகமாச்சு. நாங்கள் இன்றைக்கு வாசிக்கிற அறிவுரை அந்த யன்னலோரத்தின் பிள்ளை என்பது எங்கட வாசிப்பு. (வெளிச்சத்துக்கு இப்ப வரி இல்லைத்தான். கிழக்குப் பக்க அறைக்கு மாத வாடகை எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கோ.)

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவம். நாங்கள் இருப்பது வடக்கே 9.7 பாகையில். சித்திரை நடுப்பகுதியிலிருந்து ஆவணி கடைசிமட்டும் மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்குது. அந்த நாலு மாதத்துக்கு மேலான காலத்தில் தெற்கு யன்னலுக்கு மத்தியான வெயில் ஒரு துளிகூட விழாது. ஆனி மாதத்தில் மத்தியானம் முற்றத்தில் போய் நின்றால் உங்கட நிழல் தெற்குப் பக்கம் விழும். மார்கழியில் தெற்கே வந்தாலும் சூரியன் 57 பாகை உயரத்தில் நிற்பதால் வெயில் யன்னல் படியோட நின்றுவிடும். பகல் நீளமும் வருசம் முழுக்க ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடத்தான் மாறும். ஆகவே இங்க பார்க்கவேண்டியது கிழக்கையும் மேற்கையும். கிழக்கு யன்னல் இளவெயில் தரும். மேற்கு யன்னல் பின்னேரச் சூட்டையும் சேர்த்துத் தரும், கண்ணாடிக்குப் பின்னால் அது சில செடிகளைப் பொசுக்கிப்போடும்.

வெயிலை உள்ளே இழுக்கிறதுக்கு அவர்கள் வீடு கட்டினார்கள். எங்கட ஆக்கள் வெயிலை வெளியே நிறுத்துறதுக்குக் கட்டினார்கள். தாழ்ந்த இறப்பு, திண்ணை, நடுவில் வானம் பார்த்த முற்றத்தோட நாற்சார் வீடு. அந்த முற்றத்தின் ஓரம், இறப்பு நிழல் தொடங்குகிற இடம், ஒரு சக்குலன்ட்டுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல இடங்களில் ஒன்று. இப்போதைய வாடகை அறைகளில் அந்த முற்றமும் இல்லை. பக்கத்து மதிலைப் பார்க்கிற ஒற்றை யன்னல்தான்.

வெளிச்சத்தை இந்தச் செடிகள் என்ன செய்யுது என்பதற்கான ஒரு முக்கியமான தடயமும் எங்கட பக்கத்து அனுபவத்திலிருந்துதான் போனது. பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜேர்மனியர் மொறேவியன் மிசனறியாகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு மதராஸ் அரசின் தாவரவியலாளராக வேலை செய்தவர். இரணகள்ளி இலையை அவர் வாயில் போட்டுச் சப்பிப் பார்த்தார். புத்தகத்துக்குள்ள வைச்சால் ஓரத்தில் குட்டி போடுமே, அதே இலைதான். காலையில் நல்ல புளிப்பு, மத்தியானம் சுவையில்லை, பின்னேரம் லேசான கசப்பு. இதை 1813இல் லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு ஒரு கடிதமாக எழுதினார். காரணம் முழுசாக விளங்க 20ஆம் நூற்றாண்டு ஆச்சு: தண்ணீர் வீணாகாமல் இருக்க இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை எடுத்து அமிலமாகச் சேமிக்குது, பகல் வெளிச்சத்தில் அந்த அமிலத்தைச் செலவழித்து உணவு செய்யுது. மிசனறிகளைப் பற்றிய எங்கட பாடங்களில் அச்சு யந்திரமும் பள்ளிக்கூடமும் வருது, இந்தச் சப்பல் வாறதில்லை.

அறைக்குள் எங்களை ஏமாத்துவது எங்கட கண்தான். வெளியில் உச்சி வெயில் ஏறக்குறைய 100,000 லக்ஸ். விளக்குப் போட்ட படிப்பறை சில நூறு லக்ஸ்தான், ஆனால் கண் பழகிப்போய் இரண்டையும் வெளிச்சம் என்றே சொல்லும். செடி அப்படிச் சமாளிக்காது. எச்செவேரியா வெளிச்சம் காணாமல் போனால் ரோசாப்பூ வடிவம் குலைஞ்சு, தண்டு நீண்டு, இலைகள் விலகி வெளிறும். நீண்ட தண்டு திரும்பக் குறுகாது. உச்சியை வெட்டிப் புதுசாக வேர்விட வைக்கவேணும். அதற்காக ஒரே நாளில் மொட்டைவெயிலுக்குத் தூக்கி வைச்சால் இலை பழுப்பாக எரியும், அந்தத் தழும்பும் மாறாது. நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்று காலை வெயிலில் தொடங்கி, இரண்டு கிழமையில் கூட்டிக்கொண்டு போகலாம்.

மதிலைப் பார்க்கிற யன்னல் மட்டுமே இருக்கிறவை எச்செவேரியாவை விட்டுட்டு ஹவோர்தியா வாங்கலாம். அதுவும் கேப் பக்கத்துச் செடிதான், ஆனால் பற்றைகளின் நிழலுக்குக் கீழ வளர்ந்து பழகினது. யன்னல் படியிலேயே வையுங்கோ. இரண்டடி உள்ளே தள்ளி மேசையில் வைச்சால் வெளிச்சம் நல்லாக் குறைஞ்சுபோகும்.