லாரி இழுக்கும் பீரங்கி... 48 கி.மீ. பாயும் குண்டு! இந்தியாவின் ‘ஏடிஏஜிஎஸ்’ உருவானது எப்படி?

2022 சுதந்திர தினத்தன்று டெல்லி செங்கோட்டையில் 21 குண்டு மரியாதை. அதில் முதன்முறையாக உள்நாட்டிலேயே தயாரான ஒரு பீரங்கியும் முழங்கியது. அதுதான் ஏடிஏஜிஎஸ்.

ஏன் தேவைப்பட்டது?

1986-ல் ஸ்வீடனிடம் 410 போஃபர்ஸ் பீரங்கிகளை வாங்க இந்தியா ஒப்பந்தம் போட்டது. பின்னாலேயே ஊழல் புகார் வெடித்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகளுக்குப் பெரிய பீரங்கி கொள்முதல் எதுவும் கைகூடவில்லை. 1999 கார்கில் போரில் கைகொடுத்ததும் அதே போஃபர்ஸ்தான். 2013-ல் டிஆர்டிஓ சொந்தமாகவே செய்வது என்று களமிறங்கியது. புனேயில் உள்ள அதன் ஆய்வகம் வடிவமைக்க, பாரத் ஃபோர்ஜும் டாடாவும் கைகோர்த்தன.

அவ்வளவு தூரம் எப்படி?

இது 155 மி.மீ., 52 காலிபர் பீரங்கி. அதாவது குழல் வாயின் விட்டம் 155 மி.மீ., குழலின் நீளம் அதைப் போல 52 மடங்கு. கணக்குப் போட்டால் சுமார் 8 மீட்டர்! போஃபர்ஸ் 39 காலிபர், சுமார் 6 மீட்டர்தான். குழல் நீளமாக இருந்தால் வெடிமருந்து வாயு குண்டை கூடுதல் நேரம் தள்ளும், வேகம் கூடும். மருந்து எரியும் அறையும் பெரிசு: வழக்கமான 23 லிட்டருக்குப் பதில் 25 லிட்டர். 2017-ல் பொக்ரான் சோதனையில் குண்டு சுமார் 48 கி.மீ. பாய்ந்தது.

சிக்கல் என்ன?

தூரத்துக்கு விலை எடை. பீரங்கி சுமார் 18 டன். மலைப்பாதையில் இதை எப்படி இழுப்பது என்ற கேள்வி எழுந்தது. 2020 செப்டம்பரில் பொக்ரான் சோதனையின்போது குழலே வெடித்து சிலர் காயமடைந்தனர். சோதனை நின்றது, விசாரணை நடந்தது. குழலுக்குள் அழுத்தம் கூடக்கூட, அதைத் தாங்கும் உலோகத்தில் சின்னக் குறைகூட இருக்கக் கூடாது. பீரங்கி தயாரிப்பில் கஷ்டமான இடமே இதுதான். 2022-ல் பொக்ரானில் மீண்டும் சோதித்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போனது.

இப்போ நிலவரம்?

2025 மார்ச்சில் 307 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. இழுக்கும் வாகனங்களையும் சேர்த்து மதிப்பு சுமார் 6,900 கோடி ரூபாய். ராணுவத்தில் உள்ள பழைய, சிறிய பீரங்கிகளின் இடத்தை இவை பிடிக்கும்.