சூத்திரம் ஒன்று, மருந்து வேறு

பென்சில்வேனியாவில் ஆன்சைட் வேலையில் இருந்தபோது, என் டீமில் இருந்த அமெரிக்கர் ஒருவர் மான் வேட்டைக்காரர். அந்த மாநிலத்தில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் சிக்கிமுக்கிக்கல் துப்பாக்கிக்கு மட்டும் என்று தனியாக ஒரு வேட்டைப் பருவம் உண்டு. 1974-ல் ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை அவரோடு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். மருந்து அலமாரி முழுக்க பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் என்று டப்பாக்கள். "அசல் கருமருந்து இல்லையா?" என்று கேட்டார். இல்லை. அதே கடையில், நவீன ரைபிளுக்கான புகையற்ற மருந்து பவுண்டு பவுண்டாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

எனக்கு இது புரியவே இல்லை. சின்ன வயதில் எங்கள் ஊர்ப்பக்கம் வரும் நரிக்குறவர்கள் தோளில் மாட்டியிருந்த துப்பாக்கியும் இதே வகைதான்: குழாய் வாய்வழியாக மருந்தைப் போட்டு, கம்பியால் இடித்து, குண்டை இறக்குவது. மருந்து என்றால் வெடியுப்பு, கந்தகம், கரி. அவ்வளவுதானே, இதில் என்ன இத்தனை ரகம்? அந்தக் கேள்வியோடு கிளம்பியதில் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கலவைக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ராணுவ மருந்தும், இன்றைய விளையாட்டுத் துப்பாக்கி மருந்தும் ஏறத்தாழ இதேதான். ஆனால் எங்கள் தொழிலில் சொல்வது போல, ஸ்பெக் ஒன்று, இம்ப்ளிமென்டேஷன் வேறு. முதல் வித்தியாசம் கரியில். எந்த மரம், எப்படிச் சுட்டது என்பதைப் பொறுத்து மருந்தின் வேகமே மாறும். டெலவேரில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் 1802-ல் ஆலை தொடங்கிய இ. ஐ. டூ பான்ட், பிரான்சில் லவாசியேயிடம் மருந்துத் தொழில் கற்றவர். அவருடைய ஆலை வில்லோ மரக்கரியை நம்பியது. இன்று ரைபிள்காரர்கள் உயர்வாகப் பேசும் ஸ்விஸ் மருந்துக்கு வேறொரு புதர்மரத்தின் கரி. அது எரிந்தபின் விடும் கசடு இளகலாக இருக்கும். அடுத்த குண்டை இறக்க அதிகம் போராட வேண்டாம்.

டூ பான்ட் ஆலை இருந்த இடம் இப்போது ஹேக்லி அருங்காட்சியகம். போய்ப் பார்த்தேன். அரைக்கும் கட்டடங்களுக்கு மூன்று பக்கம் தடித்த கல்சுவர், ஆற்றைப் பார்த்த நாலாவது பக்கம் மட்டும் லேசானது. வெடித்தால் ஆற்றுப்பக்கம் போகட்டும் என்ற ஏற்பாடு. 1921-ல் மூடும்வரை அங்கே இருநூறு பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். அந்த நாலாவது சுவர் இருந்த இடத்தில் நிற்கும்போது கொஞ்சம் வயிற்றைக் கலக்கத்தான் செய்தது.

இரண்டாவது வித்தியாசம் குருணை அளவு. டப்பாவில் 'எஃப்' என்ற எழுத்து எத்தனை முறை வருகிறதோ அவ்வளவு பொடி. ஒரு எஃப் பெரிய குழாய்களுக்கு, இரண்டு எஃப் .50-ம் அதற்கு மேலும், மூன்று எஃப் சின்ன குழாய்களுக்கு, நாலு எஃப் சிக்கிமுக்கித் துப்பாக்கியின் பற்றவைக்கும் கிண்ணத்துக்கு. இது பொதுக்கணக்கு, துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். மருந்து மேற்பரப்பில்தான் எரியும். குருணை சின்னதானால் மொத்தப் பரப்பு கூடும், சட்டென்று எரியும், அழுத்தம் ஏறும். தாமஸ் ராட்மன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1850-களின் பிற்பாதியில் பீரங்கிக்குள் அழுத்தத்தை அளந்து, குருணையைப் பெரிதாக்கினால் குழாய் பிழைக்கும் என்று காட்டியவர்.

மூன்றாவது, வெடியுப்பு. இங்கேதான் நம்ம ஊர் கதைக்குள் வருகிறது. அன்று உலகின் நல்ல வெடியுப்பில் பெரும்பங்கு பீகாரிலிருந்து. நோனியா சாதியினர் பழைய மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுத்தது, கல்கத்தா வழியாகக் கப்பலேறியது. 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் வட மாநிலங்கள் லாமோ டூ பான்டை ரகசியமாக லண்டனுக்கு அனுப்பி அங்கிருந்த சரக்கை வாங்கச் சொன்னார்கள். வாங்கிக் கப்பலேற்றும் நேரம் பார்த்து ட்ரென்ட் கப்பல் தகராறு வெடிக்க, பிரிட்டன் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. பிடித்த கைதிகளை அமெரிக்கா விட்டபிறகுதான் சரக்கு நகர்ந்தது. சிலியிலிருந்து வந்த மலிவான சோடியம் உப்பை இதே லாமோ 1857-லேயே மருந்தாக்கியிருந்தார். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். பாறை உடைக்க ஆகுமே தவிர, துப்பாக்கிக்கு ஆகாது.

சரி, கடைக்கு வருவோம். கருமருந்து இல்லாததற்குத் தரம் காரணமில்லை, சட்டம்தான். லேசான பொறியிலும் பற்றிக்கொள்வதால் அது வெடிபொருள் பட்டியலில் இருக்கிறது. தனி ஆள் பழைய பாணித் துப்பாக்கிக்காக 50 பவுண்டு வரை வைத்துக்கொள்ள மத்திய சட்டம் விடுகிறது. கடைக்காரர் நிலை வேறு: தனி உரிமம், தனி கிடங்கு என்று ஆயிரம் தொல்லை. அந்த இடைவெளியில் 1976-ல் நுழைந்ததுதான் பைரோடெக்ஸ். டான் பாவ்லாக் உருவாக்கினார், ஹாட்க்டன் நிறுவனம் விற்றது. பற்ற அதிக சூடு வேண்டும், அதனால் புகையற்ற மருந்து மாதிரி அலமாரியில் வைக்கலாம். இத்தனை பாதுகாப்பானதைக் கண்டுபிடித்த பாவ்லாக் 1977-ல் தன் ஆலையில் நடந்த வெடிவிபத்திலேயே இறந்தார்.

அந்த 'அதிக சூடு' சிக்கிமுக்கித் துப்பாக்கிக்குக் கைகொடுக்காது. கல்பொறிக்குப் பைரோடெக்ஸ் ஒழுங்காகப் பற்றாது. கேப் வைத்துச் சுடும் துப்பாக்கிக்கு நன்றாகவே போகும்.

இன்னொரு விஷயம்தான் என்னை உண்மையில் பயமுறுத்தியது. பைரோடெக்ஸ் கருமருந்தைவிட எடை குறைவு. கருமருந்துக்கு 100 கிரெய்ன் அளக்கும் அளவுக்குழலில் இதைப் போட்டால் நிஜ எடை 70 சொச்சம்தான், வேலை அதேதான். விவரம் தெரியாமல் தராசில் 100 நிறுத்துப் போட்டால் அளவு மீறிவிடும். டிரிபிள் செவன் இன்னும் காரம். கந்தகம் கிடையாது, அளவுக்குழலிலேயே குறைத்துப் போட வேண்டும். யூனிட் குழப்பத்தால் புரொடக்‌ஷன் விழுந்த கதை எங்களிடம் நிறைய உண்டு. இங்கே விழுவது முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்புக் குழாய். புகையற்ற மருந்தை இதில் போடுவது அதைவிட மோசம்; குழாய் பிளந்து கை போனவர்கள் இருக்கிறார்கள்.

கசடு எந்த மருந்திலும் உண்டு. நோபிளும் ஏபெலும் 1875-ல் வெளியிட்ட ஆய்வில், எரிந்த கருமருந்தில் பாதிக்கு மேல், சுமார் 57 சதவீதம், வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே மிஞ்சுவதாக அளந்தார்கள். வெள்ளைப்புகையும் துருவும் அந்த 57-ன் வேலை. பைரோடெக்ஸில் பெர்குளோரேட் வேறு இருப்பதால் துரு இன்னும் சீக்கிரம் வரும். எதுவானாலும் அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவியாக வேண்டும்.

அமெரிக்காவின் கருமருந்தான கோஎக்ஸ், டூ பான்ட் வழிவந்த ஆலையில் முதலில் பென்சில்வேனியாவின் மூசிக்கில், பிறகு லூசியானாவில் தயாரானது. 2021-ல் மூடப் போவதாக அறிவித்தபோது சிக்கிமுக்கிக்காரர்கள் நிஜமாகவே கலங்கினார்கள். மாற்று மருந்து எத்தனை வந்தாலும் இவர்களுக்கு அது இல்லாமல் முடியாதே. 2022-ல் ராக்கெட் பொம்மை செய்யும் எஸ்டிஸ் நிறுவனம் வாங்கியது. அவர்கள் பொம்மை ராக்கெட்டுக்கும் எரிபொருள் இதே கருமருந்துதான்.

என் நண்பர் அன்று கடையில் ஒன்றும் வாங்காமல் திரும்பினார். வேட்டைக் கிளப் ஆட்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகத் தபாலில் வரவழைத்துப் பிரித்துக்கொள்வார்களாம். அந்த வருஷம் அவர் மூன்று எஃப் போட்டார். மான் கிடைக்கவில்லை.