குப்பையை எரித்தால் ரூ.5,000, ரூ.25,000: சித்தூர், திருப்பதியில் சட்டம் என்ன சொல்கிறது?

காலையில் வாக்கிங் போகும்போது தெருமுனையில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். கேட்டால், "நம்ம காம்பவுண்டுக்குள்ளதானே எரிக்கிறோம், யார் என்ன கேட்பா?" என்று பதில் வரும். உண்மையில் கேட்கலாம். அபராதமும் விழலாம்.

சொந்த இடத்தில் எரிக்கலாமா?

கூடாது. 2016-ம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள், தெருவிலும் பொது இடத்திலும் குப்பையைக் கொட்டவோ, எரிக்கவோ, புதைக்கவோ கூடாது என்றன. 'அப்போ வீட்டுக்குள் எரிக்கலாமா?' என்று கேட்க அதில் இடம் இருந்தது. 2016 டிசம்பர் 22-ல் அல்மித்ரா படேல் வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது: திறந்தவெளியில், எந்த நிலத்திலும், குப்பைக் கிடங்கிலும்கூட எரிக்கத் தடை.

அபராதம் எவ்வளவு?

சாதாரண எரிப்புக்கு ரூ.5,000. மொத்தமாகக் குவித்து எரித்தால் ரூ.25,000. தனிநபரோ அமைப்போ, எரிப்புக்குக் காரணமானவர் கட்ட வேண்டும். ஹோட்டல், கல்யாண மண்டபம், கடை, ஏன், உள்ளாட்சி அமைப்புக்கும் இது பொருந்தும்.

இரண்டு மாவட்டத்துக்கும் ஒரே விதியா?

ஆமாம். 2022 ஏப்ரல் 4-ல் திருப்பதி தனி மாவட்டமானது. ஆனால் இவை மத்திய விதிகள், எல்லை மாறினாலும் மாறாது. சித்தூருக்குக் கூடுதல் கவலை உண்டு: தேசிய தூய காற்றுத் திட்டத்தில், காற்றின் தர அளவை எட்டாதவை என்று பட்டியலிடப்பட்ட 13 ஆந்திர நகரங்களில் அதுவும் ஒன்று. குப்பைத் தீயில் வெப்பம் குறைவு என்பதால் பிளாஸ்டிக் முழுசாக எரியாது. நுண்துகளும், பிவிசி கலந்திருந்தால் டையாக்சினும் மூச்சு மட்டத்திலேயே பரவும்.

காய்ந்த இலை? போகிப் பண்டிகை?

இலை, கிளையைத் தனியாகச் சேர்த்து வைத்து நகராட்சி சொல்லும் வழியில் அகற்ற வேண்டும். உரமாக்கினால் இன்னும் நல்லது. போகிக்கென்று தீர்ப்பாயம் விலக்கு எதுவும் தரவில்லை. பழைய டயரும் பிளாஸ்டிக்கும் நெருப்பில் போடும் பொருளே இல்லை.

அப்போ என்ன செய்வது?

2026 ஏப்ரல் 1 முதல் அமலான புதிய விதிகளிலும் எரிக்கத் தடை தொடர்கிறது. குப்பையை நான்காகப் பிரிக்க வேண்டும்: ஈரம், உலர், சானிட்டரி, தனி கவனம் தேவைப்படுபவை (பல்பு, பெயிண்ட் டப்பா, காலாவதி மருந்து). தினம் 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் அபார்ட்மென்ட், ஹோட்டல்களுக்குப் பொறுப்பு இன்னும் அதிகம்.

பக்கத்தில் யாராவது எரித்தால், இடம் தெரியும்படி போட்டோ எடுத்து மத்திய அரசின் 'ஸ்வச்சதா' ஆப்பிலோ, மாநகராட்சி அலுவலகத்திலோ புகார் கொடுக்கலாம். எரிப்பவர் துப்புரவுப் பணியாளராக இருந்தால் அவரிடம் சண்டை வேண்டாம். வண்டி ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்து அதிகாரிகளிடம் கேளுங்கள். குப்பை ஒழுங்காக அள்ளப்படும் தெருவில் தீக்குச்சிக்கு வேலை இருக்காது.