மூடின துரும்பு: 304 விளையாட்டின் தோற்றம் பற்றி ஒரு மறுவாசிப்பு

ஈழத்தமிழர் ஆடும் 304, கேரளத்தின் 28, வங்கத்தின் 29 ஆகிய மூன்றும் ஒரே குடும்பம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மூன்றிலும் ஜாக் முதலாவது, ஒன்பது இரண்டாவது, அதன் பிறகே ஆஸும் பத்தும். ராசாவும் ராணியும் கீழே கிடக்கும். ஐரோப்பாவில் ஜாக்குக்கும் ஒன்பதுக்கும் இந்த உயர்வைக் கொடுக்கும் குடும்பம் ‘யாஸ்’. அதன் பிறப்பிடம் ஒல்லாந்து என்று பொதுவாகக் கொள்வர். தகராறு இவ்விரு குடும்பங்களும் எங்கே சந்தித்தன என்பதில்தான். தென்னாபிரிக்காவுக்குப் போன இந்தியர் அங்கு ஆடப்பட்ட யாஸ் வகையான கிளாவர்யாஸைக் கற்று ஊருக்குக் கொண்டுவந்தார்கள் என்ற விளக்கம் பல இடங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இதைத் தென்னாபிரிக்க வாசிப்பு என்று அழைக்கிறேன். 29இன் வரலாற்றுக்காகச் சொல்லப்பட்ட இந்த வாசிப்பு, ஆராயப்படாமலே 304இன் மேலும் ஏற்றப்பட்டுவிட்டது. அதை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் புள்ளிகள். கிளாவர்யாஸில் துரும்பு இனத்தின் ஜாக்குக்கு 20, ஒன்பதுக்கு 14. ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 4, ராணிக்கு 3. துரும்பல்லாத இனங்களில் ஜாக் வெறும் 2ஆக விழுந்துவிடும், ஒன்பதுக்கு ஒன்றுமில்லை. 304இல் எந்த இனமானாலும் ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் 304. கேரளத்தின் 28இல் இவை 3, 2, 1, 1 என்று சுருங்கி, இனத்துக்கு 7 ஆகின்றன.

11, 10 என்ற இணையே இங்கு வம்ச அடையாளம். ஐரோப்பாவின் ஆஸ்–பத்து விளையாட்டுகள் பலவற்றில் காணப்படும் இந்த எண்களை 304 அப்படியே வைத்திருக்கிறது. 28 இழந்துவிட்டது. ஆஸுக்கு 1, பத்துக்கு 1 என்று ஆடிய ஒருவர் அவற்றை 11 என்றும் 10 என்றும் தற்செயலாக மீட்டெடுத்திருக்க முடியாது. ஆகவே 304 மூத்தது, 28 இளையது. குடும்பத்தின் வருகையை விளக்க விரும்புபவர் 304இலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தென்னாபிரிக்க வாசிப்பின் உண்மையான சோதனைக்களம் டர்பன். நேட்டாலில் குடியேறிய இந்தியர் இன்றும் ‘துனி’ என்ற விளையாட்டை ஆடுகிறார்கள். பெயர் தமிழ்த் ‘தண்ணி’யிலிருந்து வந்தது என்பது அங்கு வழங்கும் விளக்கம். அதன் புள்ளிகள் 30, 20, 11, 10, 3, 2. அதாவது யாழ்ப்பாணத்துப் புள்ளிகளேதான், ஓர் எண்கூட மாறவில்லை. தென்னாபிரிக்காவின் கேப் பகுதியில் ஆடும் கிளாவர்யாஸில் 20, 14, 11, 10, 4, 3. டர்பன் தமிழர் தங்கள் விளையாட்டைப் பக்கத்திலிருந்த கேப்பிலிருந்து பெற்றிருந்தால் அதன் எண்கள் கேப்பை ஒத்திருக்க வேண்டும். அவை கடலுக்கு இப்பாலுள்ள நம்மை ஒத்திருக்கின்றன. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற்கப்பல் ‘ட்ரூரோ’ 1860 நவம்பர் 16ஆம் திகதி டர்பனை அடைந்தது, புறப்பட்ட துறை சென்னை. 1911 வரை அந்தப் போக்கு நீடித்தது. விளையாட்டு அந்தக் கப்பல்களில் அங்கே போயிருக்கலாம் என்பது, திரும்பிய கப்பல்களில் இங்கே வந்தது என்பதைவிட எளிய விளக்கம். மேலும், யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் நேட்டாலுக்குக் கூலிகளாகப் போனவர்கள் அல்லர். பிழைப்புத் தேடிக் கடல் கடந்தபோது அவர்கள் பெரும்பாலும் மலாயாவுக்கே போனார்கள். திரும்பிவந்த நேட்டால் தமிழர் தமிழகத்தில் இறங்கி, அங்கிருந்து 304 பாக்குநீரிணையைத் தாண்டியது என்று வாதிடலாம்தான். ஆனால் அப்படியானால் 304 தமிழகத்தில் வேரோடியிருக்க வேண்டும், யாழ்ப்பாணத்தில் விருந்தாளியாக இருந்திருக்க வேண்டும். நிலைமை அதற்கு எதிர்மாறு.

இனி சொற்கள். கடதாசி என்பது போர்த்துக்கேயச் சொல். கிளாவர், இஸ்கோப்பன், ஆட்டின் ஆகியவை ஒல்லாந்தரின் கிளாவர், ஸ்கோப்பன், ஹார்ட்டன். சிங்களத்திலும் இஸ்கோப்ப, ருவித, ஹாரத, கலாபர என்று நான்கு இனத்துக்கும் ஒல்லாந்தப் பெயர்களே. ஆங்கிலேயர் ஒன்றரை நூற்றாண்டு ஆண்ட பின்னும் இந்தப் பெயர்கள் பெயரவில்லை. தென்னாபிரிக்க வாசிப்பினர் இவையும் கேப்பின் ஆபிரிகான்ஸ் மொழியிலிருந்து வந்திருக்கலாமே என்று கேட்கக்கூடும். ஆபிரிகான்ஸில் ஹார்ட்ட, ஸ்கோப்ப, ருயிட்ட போன்ற வடிவங்களில் கடைசி ‘ன்’ உதிர்ந்துவிட்டது. நமது ஆட்டினிலும் இஸ்கோப்பனிலும் அது நிற்கிறது. இந்த ஒற்றெழுத்தின் மேல் பெரிய கட்டடம் எழுப்ப எனக்கு விருப்பமில்லை. ஒல்லாந்தர் பேச்சிலும் அந்த ஒலி அடிக்கடி விழுங்கப்படும், சிங்கள வடிவங்களில் அது இல்லை, தமிழ் தன் பழக்கத்தில் ‘அன்’ ஈற்றைத் தானே சேர்த்திருக்கவும் கூடும். ஆனாலும் எழுத்தைப் பார்த்துப் படித்தவர் ஒருவரிடமிருந்து, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கந்தோரிலோ கோட்டையிலோ, இச்சொற்கள் வந்திருந்தால் ‘ன்’ நிற்பதில் வியப்பில்லை.

என்னை அதிக நாள் பிடித்துவைத்த சொல் வேறு. தமிழகத்தில் ‘துருப்புச் சீட்டு’ என்பார்கள். நாங்கள் ‘துரும்பு’ என்கிறோம். மெல்லினம் ஒன்றே வேறுபாடு. ஒல்லாந்தர் இதனை ‘ட்ரூஃப்’ என்பர், போர்த்துக்கேயர் ‘ட்ரும்ஃபு’ என்பர். ஒல்லாந்தரின் கொஃபி நம்மிடம் கோப்பி ஆனதைப் போல ட்ரூஃப் என்பது துருப்பு ஆவது இயல்பு. 1658 முதல் 1781 வரை நாகபட்டினம் ஒல்லாந்தர் கையில் இருந்தது, பழவேற்காட்டில் அதற்கும் முன்பே கால்வைத்திருந்தார்கள். துரும்பு என்பதற்கு மெல்லினம் தரும் மூலம் வேண்டும், அது போர்த்துக்கேயத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தின் ட்ரம்ப் என்பதிலும் மகரம் உண்டு. ஆனால் அதன் உயிர் அகரம், நமது சொல்லில் உகரம். நெல்லின் துரும்பு என்ற நம் பழஞ்சொல் அயற்சொல்லைத் தன் உருவுக்கு இழுத்திருக்கலாம் என்ற ஐயம் எழும். எனக்கும் எழுந்தது. ஆனால் சிங்களத்திலும் துரும்பு என்றே, மெல்லினத்தோடு வழங்குகிறது, அந்த மொழியில் இழுப்பதற்கு அப்படியொரு சொல் இல்லை.

ஆகவே சொற்கள் ஒரே அடுக்கு அல்ல. கடதாசியும் துரும்பும் 1658க்கு முந்திய போர்த்துக்கேய அடுக்கு, இனப்பெயர்கள் அதன்மேல் படிந்த ஒல்லாந்த அடுக்கு. ஒல்லாந்தர் வரும்போதே இங்கு துரும்பு வைத்தாடும் கடதாசி விளையாட்டு ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. அவர்கள் வெற்றுத்தரையில் விதைக்கவில்லை.

பூநகரிக் கோட்டை இந்த அடுக்குகளைக் கல்லில் காட்டும் இடம். போர்த்துக்கேயர் கட்டியது, 1770இல் ஒல்லாந்தர் பெருப்பித்துக் காவற்படை வைத்தது, 1805இல் ஆங்கிலேயர் அதற்குள் தங்குமடம் அமைத்தது. பக்கம் ஏறக்குறைய 30 மீற்றர், எதிரெதிர் மூலைகளில் இரு கொத்தளங்கள், அவ்வளவுதான். 1993 நவம்பரிலும் 2008 நவம்பரிலும் பூநகரியில் நடந்த போர்களின் பிறகு மிஞ்சியதைத்தான் இன்று காண்கிறோம். சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறக்கப்படுமுன் கேரதீவுக்குப் படகுப்பாதையில் கடந்த காலத்தைப் போலவே, அன்றும் இக்கரை காத்திருக்கும் கரை. யாழ்ப்பாணத்திலிருந்து பெருநிலத்துக்குப் போகிறவனும் வருகிறவனும் தங்கும் இடத்தில், வேலை குறைந்த சிப்பாயும் ஊர்ப்படையாளான லஸ்கோரினும் கடதாசி பிடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இது நினைப்புத்தான். 304 இந்தக் கோட்டையில் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. இப்படியான சிறு காவல்நிலையங்களின் சங்கிலியில்தான் அது பிறந்திருக்கும் என்பதே என் வாதம்.

அந்தச் சிப்பாய்கள் எல்லாரும் ஒல்லாந்தரும் அல்லர். கம்பனிப் படையில் ஜேர்மனியரும் சுவிஸ்காரரும் நிறைந்திருந்தார்கள். 1781இல் சுவிட்சர்லாந்தின் நொஷத்தேலில் திரட்டப்பட்ட டி மூரோன் படைப்பிரிவு கேப்பில் சில ஆண்டுகள் இருந்து, பின் இலங்கைக்கு வந்து, 1795இல் ஆங்கிலேயர் பக்கம் மாறியது. 1799இல் சீரங்கப்பட்டினத்தில் திப்புவுக்கு எதிராக நின்றது. சுவிட்சர்லாந்தில் ‘யாஸ்’ என்ற பெயருக்குக் கிடைத்துள்ள முதற்சான்று 1796ஆம் ஆண்டு, சஃப்ஹவுசன் பகுதியில். ஒல்லாந்தர் கொழும்பை இழந்ததும் 1796. சான்று பின்னது, விளையாட்டு முன்னது என்பது எல்லா விளையாட்டுக்கும் பொருந்தும் உண்மை. ஆனால் எத்தனை ஆண்டு முன்னது என்பதில்தான் என் வாதம் மெலிகிறது. நொஷத்தேல் பிரெஞ்சு பேசும் ஊர், சஃப்ஹவுசன் ஜேர்மன் பேசும் ஊர் என்பதையும் மறைக்கக்கூடாது. ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது: கேப் வழி என்ற ஒன்று இருந்தேயாக வேண்டும் என்றால், அது 1860க்குப் பிந்திய கூலிக்கப்பலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

இப்போது மையமான கேள்விக்கு வருகிறேன். துரும்பில் மட்டும் உயர்ந்திருந்த ஜாக்கும் ஒன்பதும் 304இல் ஏன் எல்லா இனத்திலும் உயர்ந்தன? எளிமைப்படுத்தல் என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு அது போதாது. காரணம் மூடின துரும்பு.

304இல் முதல் நான்கு கடதாசியை மட்டும் பார்த்து 160இலிருந்து கேள்வி, அதாவது ஏலம், ஏறுகிறது. கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைக்கிறார், பிறகே மற்ற நான்கும் பகிரப்படும். இறக்கின இனம் கையில் இல்லாதவர் ஒன்றைக் கவிழ்த்துப் போடுவார். துரும்பு வைத்தவர் மட்டும் எடுத்துப் பார்ப்பார். துரும்பானால் வெட்டு, இல்லையேல் அது கவிழ்ந்தபடியே போகும். இந்த முறையில் கிளாவர்யாஸின் வரிசையை வைத்து ஆடிப் பாருங்கள். ஆட்டின் இறங்குகிறது. ஒருவர் ஆட்டின் ஆஸைப் போடுகிறார், மற்றவர் ஆட்டின் ஜாக்கைப் போடுகிறார். ஆட்டின் துரும்பானால் பிடி ஜாக்குக்கு, அல்லவானால் ஆஸுக்கு. பிடியை யார் எடுப்பது? எடுத்த கணமே துரும்பு என்ன, அல்லது என்னவல்ல என்பது வெளிப்பட்டுவிடும். மூடின துரும்பும் இனத்துக்கு இனம் மாறும் வரிசையும் ஒரே பாயில் இருக்க முடியாது. ஒன்று போயாக வேண்டும், போனது வரிசை.

ஐரோப்பாவின் யாஸ் குடும்பத்தில் துரும்பு வெளிப்படையானது. துரும்பை மறைப்பது நம் துணைக்கண்டத்து வழக்கம். மராத்தியரும் குஜராத்தியரும் ஆடும் மெண்டிகோட்டில் ‘பந்த் ஹுக்கும்’ என்பது இதுவே, 28லும் 29லும் உண்டு. ஐரோப்பியப் புள்ளிக்கணக்கு இந்த மண்ணின் மறைதுரும்புக்குள் வந்து விழுந்தபோது ஜாக் எல்லா இனத்துக்கும் தலைவனானான். இந்தச் சந்திப்பு துணைக்கண்டத்தின் கரையில் நிகழ்வதுதான் இயல்பு, கேப்டவுனில் அல்ல. எதிர்வாதம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: வரிசை முதலில் ஒருமைப்பட்டு, அதனால் மறைக்க முடிந்தது என்றும் தலைகீழாகச் சொல்லலாம். விதிகளை மட்டும் வைத்து இதைத் தீர்க்க வழியில்லை.

ஆனால் கேள்வியின் கணக்கு என் பக்கம் சாய்கிறது. 32 கடதாசியில் நான்கு கிடைக்கும்போது ஒரு ஜாக்காவது வருவது நூற்றுக்கு 43 கைகளில்தான். ஒரே இனத்தின் ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து வருவது ஏறக்குறைய 21 கைகளுக்கு ஒருமுறை. 304இன் பாதி 152. அதைத் தாண்டும் முதல் பத்து 160. இந்தச் சொற்பக் கையோடு பாதிக்குமேல் கேட்பது, இன்னும் வராத நான்கையும் கூட்டாளியின் எட்டையும் நம்பிக் கேட்பது. துரும்பு வெளிப்படையாய் இருந்தால் எதிரணி அதை இறக்கியே உறிஞ்சிவிடும், கேள்வி 160க்கு மேல் ஏறாது. மறைவுதான் மெலிந்த கைக்குப் பலம். இன்று உலகெங்கும் ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரிலும் இதே தருக்கம். சிறு பணத்துக்கு ஆடும் ஒன்பதுபேர் மேசையில் இரு கடதாசியை மட்டும் பார்த்து முடிவெடுப்பவருக்கு, நல்ல கை வரும்வரை பொறு, வந்ததைக் காட்டிக்கொடுக்காதே என்பதே முதற்பாடம். அங்கு மெலிந்த கையை மடக்கி விலகலாம். 304இல் விலகல் இல்லை, எட்டுப் பிடியும் ஆடியே தீர வேண்டும். ஆகவே மறைவின் தேவை இங்கு இன்னும் கூடுதல். நாலு கடதாசிக் கேள்வியும் மூடின துரும்பும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டே வளர்ந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு தடயம். கிளாவர்யாஸின் கடதாசிப் புள்ளிகளைக் கூட்டினால், கடைசிப் பிடிக்கான 10ஐ விட்டு, துரும்பில் 62, மற்ற மூன்றில் முப்பது முப்பதாக 90. மொத்தம் 152. 304 அதன் சரி இரட்டை. இனங்களை ஒருமைப்படுத்தியவர் பழைய மொத்தத்தை இரட்டிப்பாக்க விரும்பினால் இனத்துக்கு 76 வேண்டும். ஆஸுக்கும் பத்துக்கும் 21 போக 55. ஜாக்கும் ஒன்பதும் 50 எடுத்துக்கொண்டால் ராசாவுக்கும் ராணிக்கும் 5தான் மிச்சம். பழைய 4, 3 இங்கு பொருந்தாது, 3, 2 பொருந்தும். ராசாவும் ராணியும் ஏன் ஒவ்வொரு புள்ளி இழந்தார்கள் என்பதற்கு வேறு எந்த வாசிப்பும் காரணம் காட்டவில்லை. 4, 3, 2 என்ற ஏணியிலிருந்து ஜாக் விலகியதால் மற்ற இருவரும் ஒரு படி இறங்கினார்கள் என்பதும் இயலும். அப்படியானால் 152இன் இரட்டை தற்செயல். இரண்டில் முதலாவதையே நான் நம்புகிறேன்.

காலத்தைப் பொறுத்தவரை, மேலெல்லை டர்பனைப் பொறுத்தது. துனி 24 கடதாசியோடு, புள்ளியில்லாத ஏழும் எட்டும் நீங்கி ஆடப்படுகிறது. 1860களில் போனவர்களே அதைக் கொண்டுபோனார்கள் என்றால், 304இன் புள்ளிகள் அதற்குமுன் தமிழகக் கரையிலும் நிலைபெற்றிருக்க வேண்டும். 1911ஐ ஒட்டிப் போனவர்கள் கொண்டுபோனார்கள் என்றால் அரை நூற்றாண்டு தளர்த்தலாம். கீழெல்லையை 1658க்குப் பின்னே எங்கும் வைக்கலாம், 1770களுக்கு முன்னே வைக்க எனக்குத் துணிவில்லை.