பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும்

"நீங்கள் தமிழரா, முஸ்லிமா?" சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த நம்மில் பலர் சிறுவயதிலேயே இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறோம். நம் முன்னோர் இதற்கு வாதம் செய்து பதில் சொல்லவில்லை. அவர்கள் கட்டி வைத்துச் சென்றவையே பதிலாக நிற்கின்றன.

சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த சூலியா வணிகர்கள், 1826-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவினர். மறு ஆண்டு தெலுக் ஆயரில் ஒரு குடிசையில் தொழுகை தொடங்கியது. இன்றைய அல்-அப்ரார் பள்ளிவாசல் அதுவே. 'குச்சுப் பள்ளி' என்ற பழைய பெயர் அந்தக் குடிசையை நினைவூட்டுகிறது. அருகிலேயே 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் தர்கா எழுந்தது. அன்று தெலுக் ஆயர் கடற்கரை. கரையிறங்கியவர்கள் முதலில் தேடியது தொழுமிடத்தையும் தம் மொழி பேசும் மனிதரையும்தான். இரண்டும் ஒரே கூரையின்கீழ்க் கிடைத்தன.

அடுத்து அச்சு வந்தது. 1887-இல் 'சிங்கை நேசன்' வார இதழ் வெளிவரத் தொடங்கியது. அதன் ஆசிரியர் சி.கு. மகுதூம் சாயபு. மூன்று ஆண்டுகளே நடந்தாலும், இந்நாட்டுத் தமிழ் இதழியலின் தொடக்க வரலாற்றில் அதற்குத் தனியிடம் உண்டு.

தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடும்பத்தோடு குடியேறிய கடையநல்லூர் மக்களின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆண்கள் துறைமுகத்தில் உழைத்தனர். பெண்கள் வீட்டில் மசாலா அரைத்து விற்றனர். 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை அமைத்த அவர்கள், போர் முடிந்த மறு ஆண்டே, 1946-இல், ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். அதற்கு இட்ட பெயர் உமறுப்புலவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைச் சீறாப்புராணம் என்னும் தமிழ்க் காப்பியமாகப் பாடியவர் அவர். அந்தப் பெயரில் மொழியும் மார்க்கமும் ஒன்றாகவே நின்றன. பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது.

காலம் மாறியது. ஆங்கிலக் கல்வியில் வேலைவாய்ப்பு இருந்ததால் பெற்றோர் பிள்ளைகளை அங்கே அனுப்பினர். அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. நாமும் அதையே செய்தோம். மாணவர் எண்ணிக்கை குறைந்து, 1982-இல் பள்ளி மூடப்பட்டது. பழைய குடியிருப்புகளும் கலைந்து, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறின. உமறுப்புலவரின் பெயர் இன்று ஒரு தமிழ்மொழி நிலையத்தில் வாழ்கிறது.

தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல் ஆகியவை நம் வழிபாட்டின் சொற்கள். நல்ல தமிழ்ச் சொற்களும்கூட. மலாய் அண்டை வீட்டார் 'புவாசா' என்பதை நாம் நோன்பு என்கிறோம். இரண்டையும் அறிந்திருப்பது நம் பிள்ளைகளுக்குச் செல்வம். நம் சொல் மட்டும் அவர்கள் நாவில் இல்லாமல் போனால், பாட்டியின் துஆவைப் பேரப்பிள்ளை புரிந்துகொள்ள ஒருவர் மொழிபெயர்க்க வேண்டிவரும்.

நம் சங்கத்தின் ஐம்பது ஆண்டுப் பணியும் இந்த நீண்ட வரிசையில் சேர்ந்ததே. நோன்பு திறக்கும் வேளையில் ஒன்றுகூடியதும், பிள்ளைகளைத் தமிழ் மேடையேற்றியதும் அதற்காகவே. முன்னோர் கட்டடம் எழுப்பினர். நம் பங்கு எளியது: சஹர் நேரத்தில் பிள்ளைகளைத் தமிழில் எழுப்புவோம். மேலே கேட்ட கேள்விக்கு, "இரண்டும்தான்" என்று அவர்கள் தயங்காமல் சொல்ல அது போதும், இன்ஷா அல்லாஹ்.