கொங்கிரீட்டுக்குள் கறள்: வெளியே தெரியுமுன் அறிந்துகொண்ட வரலாறு



கலவானப் பகுதியில் இன்று பள்ளிவாசல், மதரஸா, கடை, வீடு என்று பெரும்பாலும் சிலப் போட்ட கட்டடங்கள்தான். இடம் போதாவிட்டால் பழைய சிலப்பின் மேலேயே இன்னொரு மாடி எழுப்ப யோசிக்கிறோம். சுவரையும் பெயின்டையும் பார்க்கிறோம். உள்ளே கம்பி எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

1867இல் பிரான்சைச் சேர்ந்த ஜோசப் மோனியே என்ற தோட்டக்காரர், சீமெந்துக்குள் இரும்புக் கம்பி வைத்துப் பூந்தொட்டி செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அதே முறையில் பாலங்களும் மாடிகளும் எழுந்தன. சீமெந்தின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கிக் கறளைத் தடுக்கும். ஆகவே உள்ளே போன கம்பிக்கு இனி ஆபத்தில்லை என்று நம்பினார்கள்.

ஆனால் உப்பு உள்ளே புகுந்தால் அந்தப் படலம் உடையும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மெல்ல உள்ளே இறங்கிக் காரத்தன்மையைக் குறைத்தாலும் அதே கதிதான். கறள், தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில்தான் கொங்கிரீட் வெடிக்கிறது. வெடிப்பு கண்ணில் படும்போது நோய் முற்றியிருக்கும்.

கறள் பிடிப்பதும் பற்றரி போன்ற ஒரு மின்னிரசாயனத் தாக்கமே. 1950களில் கலிபோர்னிய நெடுஞ்சாலைப் பொறியியலாளர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். வோல்ற்றுமானியின் ஒரு முனையைக் கம்பியிலும், மறுமுனையைக் கொங்கிரீட்டின் மேல் வைத்த செப்புச் சல்பேற்று மின்வாயிலும் இணைத்து அளந்தார்கள். அளவு -350 மில்லிவோல்ற்றுக்கும் கீழே போனால், அங்கே கறள் பிடிக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்புண்டு என்பது பின்னர் நியமமாயிற்று.

அடுத்த படி, அந்த மின்வாயையே கொங்கிரீட்டுக்குள் நிரந்தரமாகப் புதைப்பது. இதில் நமக்கு அயலிலுள்ள காரைக்குடிக்கும் பங்குண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாவும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறக்கப்பட்டது. அதன் கறள் பரிசோதனை நிலையம் ஒன்று கடலோரம் மண்டபம் முகாமில் இருக்கிறது. நம் அயல் தோட்டங்களில் வாழும் மக்களின் முன்னோர் பலர் இலங்கைக்கு வருமுன் தங்கவைக்கப்பட்ட அதே மண்டபம்தான். செப்புச் சல்பேற்றுக் கரைசல் கசியும் என்பதால் அதைப் புதைத்துவைக்க முடியாது. ஆகவே காரைக்குடி ஆய்வாளர்கள் மங்கனீசீரொட்சைட்டில் மின்வாய் செய்தார்கள். டோர்ச் பற்றரிக்குள் இருக்கும் கறுப்புத் தூளில் உள்ளதும் இதே பொருள்தான்.

இத்தகைய உணரிகள் பெரிய பாலங்களுக்கு உரியவை, நம் கட்டடங்களுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. ஆனால் மேலிருந்தே அளக்கும் அந்தப் பழைய சோதனையைப் பழைய சிலப்பிலும் செய்யலாம். புதிதாகப் போடும்போது கம்பிக்குக் கீழே போதிய கனத்துக்குக் கொங்கிரீட் விடுவதும், கழுவாத கடல்மணலைத் தவிர்ப்பதும், ஒழுக்கை உடனே அடைப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன.

மேல்மாடிக்குப் பணம் சேர்க்கும் கூட்டங்களில் முதல் செலவாக ஒரு பொறியியலாளரின் பரிசோதனையை எழுதுவோம். நம் பிள்ளைகள் உட்கார்ந்து ஓதுவது அந்தச் சிலப்பின் கீழேதான்.